மழையை மேகத்தில் வைத்தவர்

"அப்பச்சா, மழை மேகத்துலேர்ந்துதானே வருது? அதை எதுக்குத் திரும்ப மேகத்துக்கே அனுப்புறீங்க?"

லீவுக்கு வந்திருந்த பேத்தி டியா ஒருமுறை கேட்டது. குரியன் சார் சிரித்து மழுப்பினார். மீனச்சில் ஆற்றுக்கு மேலே எங்கள் மலைச்சரிவில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு மழையை அளந்தார். தினமும் காலை எட்டரைக்கு முற்றத்து அளவுக்குழாயைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று வாசற்கதவுக்கு வெளியே தொங்கும் சிலேட்டில் எழுதுவார். பிறகு போனில் குறித்து, 'கிளவுடு' என்கிற அந்த மேகத்தில் ஏற்றுவார். முதல் நோட்டைக் கரையான் தின்றதிலிருந்து காகிதத்தை அவர் நம்புவதில்லை.

"கிளவுடுல கரையான் ஏறாது ஏலிக்குட்டி" என்பார் மனைவியிடம்.

ரப்பர் பால் வாளியோடு அந்த வழியே திரும்பும் ஔதக்குட்டிதான் சிலேட்டின் முதல் வாசகன். இரண்டு வருடத்துக்கு முன், அடைமழை கொட்டும் கர்க்கடக மாதத்துக் காலை ஒன்றில் குழாய் கழுத்துவரை நிரம்பியிருந்ததைப் பார்த்த சார், குடையோடு ஓடிப்போய் ஔதக்குட்டியின் வீட்டில் நான்கு பேரையும் வெளியே கிளப்பினார். அரைமணி நேரத்தில் மண் சரிந்து அவனுடைய ஆட்டுக்கூட்டையும் கழிப்பறையையும் கொண்டுபோனது. நன்றி சொல்ல அவனுக்கு நாக்கு வளையவில்லை.

மறுநாள், "கக்கூஸைக் காப்பாத்தலையே சாரே?" என்று மட்டும் கேட்டான்.

இந்த வருடம் சாரின் போனில் இடம் தீர்ந்தது. குடும்பக் குழுவில் தினமும் வரும் குட்மார்னிங் படங்கள்தான் காரணம். ரோஜாக்களை அழித்தார். மிச்சமெல்லாம் குழந்தை இயேசு, வியாகுல மாதா. கர்த்தரை எப்படி அழிப்பது? மழைக்கணக்கை அழித்தார். அதுதான் மேகத்தில் பத்திரமாக இருக்கிறதே.

நாற்பது நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, பேரிடர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. சரிவுக்கு அபாயச் சங்கு வைக்கப்போகிறார்கள். ஆனால் ஒன்றுதான் இருக்கிறது. ஆறு வருட மழைக்கணக்கைக் காட்டினால் இங்கே, இல்லையென்றால் அடுத்த மலைக்கு. திங்கட்கிழமை ஆள் வரும்.

சார் போனைத் திறந்தார். ஒன்றுமில்லை. தோஹாவில் இருக்கும் மகனை அழைத்தார்.

"அது நகல் இல்லப்பா. ஒரே ஃபைலை இங்கயும் பாக்குறீங்க, அங்கயும் பாக்குறீங்க. இங்க அழிச்சா அங்கயும் போயிடும். குப்பைத்தொட்டில முப்பது நாள் கிடக்கும், அவ்வளவுதான்."

"நாப்பது நாள் ஆச்சேடா."

மறுநாள் சிலேட் வெறுமையாக இருந்தது. ஔதக்குட்டி வாளியை இறக்கி வைத்தான்.

"என்ன சாரே, வானத்துக்கு இன்னைக்கு லீவா?"

சார் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஆகாசத்துல அலமாரி வெச்சா பூட்டு யாரு போடுவா?"

"சிரிடா சிரி. சங்கு ஊதினா முதல்ல தப்பிக்கிறது உன் வீடு."

ஔதக்குட்டி வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை சரிவு முழுவதும் தேவாலயத்தில் இருந்தது. ஔதக்குட்டிக்கு மட்டும் முழங்கால் வலி. வீட்டார் பாதை திரும்பியதும் வலி போய்விட்டது. அடுக்களை ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு வருடத்துக் காலண்டர்கள் தொங்கின. மழையில் ரப்பர் வெட்டினால் பால் கெடும். அதனால் சிலேட்டில் பார்த்ததைத் தினமும் தேதிக் கட்டத்தில் குறித்து வைப்பது அவன் வழக்கம். "12. வெட்டு இல்லை." "0. ஆடு குட்டி போட்டது." "8. சாரோடு பிணக்கு."

ஒரு கர்க்கடகக் கட்டத்தில் "286. சார் வந்தார்" என்று இருந்தது. அதை நகத்தால் சுரண்டப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான். அந்த நேரம் அவனுக்குள் என்ன ஓடியது என்பது கடவுளுக்குத் தெரியும்.

காலண்டர்களைத் தூசி தட்டி, சாக்குப்பையில் போட்டு, சாரின் வராந்தா நாற்காலியில் வைத்தான். திரும்பும்போது சிலேட்டைப் பார்த்தான். இன்றும் வெறுமை. மணி எட்டரை. முற்றத்துக் குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். நான்கு மில்லிமீட்டர். அதைத் தன் கோணல் எழுத்தில் சிலேட்டில் எழுதினான். தண்ணீரைச் செம்பருத்தி வேரடியில் ஊற்றிவிட்டு, குழாயைப் பழைய இடத்தில் நேராக நிறுத்திவிட்டுப் போனான்.