கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி

ரத்தம் கொடுக்க வருகிறவனிடம் மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும். மலேரியா உண்டா, மேகநோய் உண்டா, மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா. தீவு ஆஸ்பத்திரியின் லேப்பில் ஒன்பது வருஷமாக இருக்கும் ஜம்புலிங்கம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பார். காமாலை வந்தவன் ரத்தத்தை ஏற்றினால், ஏற்றிக்கொண்டவரின் ஈரல் கெட்டுப்போகலாம். அதுவும் உடனே தெரியாது, மூன்று மாதம்கூட ஆகும். ரத்தத்துக்குள் அது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க அந்த 1966-ல் அவரிடம் ஒரு சோதனையும் கிடையாது. கொடுப்பவன் வாய்தான் சோதனை. அதனால் மூன்றாவது கேள்வியை மட்டும் இரண்டு தடவை கேட்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர்தான் அன்றைக்குக் கேட்காமல் விட்டார்.

பாராடாங் காட்டு முகாமிலிருந்து செல்லம் என்ற பெண்ணை லாஞ்சுப் படகில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. புடவை, பாய், லாஞ்சின் பலகை எல்லாம் நனைந்துபோயிருந்தன. வங்காளி டாக்டர் அவள் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஜம்பு, பிளட் சாஹியே. ஜல்தி," என்று ரத்தம் கேட்டு அவசரப்படுத்தினார்.

அவளுக்கு ஓ குரூப். கூப்பிட்டால் வந்து ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலில் ஓ குரூப் இரண்டே பேர். கடைக்கார மீரான் கார் நிக்கோபார் தீவுக்குக் கப்பலேறிவிட்டார். வாத்தியார் உதயசூரியன் புரோத்ராபூரில் இருந்தார். அவரைக் கூட்டிவர ஜீப் கிளம்பியது. போக வர ஒரு மணி நேரம்.

செல்லத்தின் புருஷன் பழனிசாமி, மரம் வெட்டும் கூலி, லேப் வாசலை விட்டு நகரவில்லை. "என்னுதை எடுத்துப் பாருங்க சார். சேர்ந்துச்சுன்னா மொத்தத்தையும் எடுத்துக்குங்க."

எடுத்துப் பார்த்தார். சேர்ந்தது.

பெஞ்சில் படுக்க வைத்துக் கையில் பட்டி கட்டும்போதுதான் ஜம்புலிங்கம் அதைக் கவனித்தார். முழங்கைக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவில், வட்டமான பழைய சூட்டுத் தழும்பு. இது எதற்குப் போடுகிற சூடு என்று அவருக்கா தெரியாது? காமாலை கண்டால் ஊரில் இப்படித்தான் கம்பியைக் காய்ச்சி வைப்பார்கள். அவருடைய சித்தப்பா கையிலும் ஒன்று இருந்தது.

வாயைத் திறந்தார். கேட்டால் இவன் உள்ளதைச் சொல்லிவிடுவான், சூதுவாது தெரியாத முகம். சொன்னால் எழுத வேண்டும். எழுதினால் டாக்டர் வேண்டாம் என்பார். ஜீப் வர இன்னும் அரை மணியாவது ஆகும். அதற்குள் நர்ஸ் இந்திராணி வார்டிலிருந்து ஓடி வந்து, "நாடி விழுதுண்ணே, சீக்கிரம்," என்றாள்.

டாக்டர் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். பத்தடி தூரம்தான். எது பெரிய ஆபத்து என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். ஆனால் ஜம்புலிங்கம் தானே முடிவு செய்தார். எல்லாக் காமாலையும் ரத்தத்தில் தங்குவதில்லை, தங்கினாலும் எல்லாருக்கும் ஒட்டுவதில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ரிஜிஸ்டரின் மூன்றாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு ஊசியைக் குத்தினார்.

பாட்டிலில் பாதி அவள் உடம்புக்குள் இறங்கியிருந்தபோது ஜீப் வந்து நின்றது. சட்டைக் கையை மடித்துக்கொண்டே வாத்தியார் இறங்கினார். இப்போதுகூட நிறுத்திவிட்டு மாற்றலாம்தான். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டுமே. வாத்தியாருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

செல்லம் பிழைத்தாள். பத்தாம் நாள் பிள்ளையோடு லாஞ்ச் ஏறினாள். பழனிசாமி ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேஜையில் வைத்து, "எங்களுக்கு நீங்கதான் சார் சாமி," என்றான். அந்தப் பழத்தில் ஒன்றைக்கூட ஜம்புலிங்கத்தால் தின்ன முடியவில்லை. அன்றிலிருந்து நாளை எண்ண ஆரம்பித்தார். எண்பதைத் தாண்டியதும் கொஞ்சம் மூச்சு விட்டார்.

தொண்ணூற்று மூன்றாம் நாள் காலை செல்லத்தை மறுபடியும் தூக்கி வந்தார்கள். கண் மஞ்சள், நகம் மஞ்சள். பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்தால், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். ஈரல் போய்விட்டது என்று இந்தியில் சொன்னார். அமெரிக்காவில் செத்தவன் ஈரலை எடுத்து இன்னொருவனுக்கு வைத்துப் பார்க்கிறார்களாம், இங்கே குளுக்கோஸ் ஏற்றலாம், அவ்வளவுதான் என்றார்.

ஜம்புலிங்கம் கட்டிலருகே போனார். அவள் கையில், முழங்கைக்குக் கீழே, வட்டமாக ஒரு சூடு. இன்னும் ஆறவில்லை, நீர் கோத்திருந்தது.

"எனக்குப் போட்டவர்கிட்டயே கூட்டிட்டுப் போனேன் சார்," என்றான் பழனிசாமி. "எனக்கு ஒரே வாரத்துல இறங்கிடுச்சு. இவளுக்குத்தான் ஏறிக்கிட்டே போவுது." பேசிக்கொண்டே சட்டைக் கையை மேலே ஏற்றினான். "இன்னொரு பாட்டில் எடுத்து ஏத்துங்க சார். போன தடவை என் ரத்தம்தானே இவளைக் காப்பாத்துச்சு."

"உனக்கு எப்ப தம்பி காமாலை வந்துச்சு?" ஜம்புலிங்கம் ஒருவழியாகக் கேட்டுவிட்டார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி சார். அன்னைக்கு நீங்க கேக்கலையே," என்றான் அவன், கையை நீட்டியபடியே.