ஏழாவது புள்ளி

எங்கள் ஆய்வகத்தில் லேசர் பெட்டியின் கதவைத் திறந்தால் லேசர் தானாக நின்றுவிடும். கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்சின் மேல் ஒரு காந்தத்தை ஒட்டிவிட்டாலோ, கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் நிற்காது. இந்த அரிய கண்டுபிடிப்பைச் செய்தவன் நான். காந்தம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து வந்தது. தக்காளி வடிவம். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் லேசர் மறுபடி தயாராகப் பத்து நிமிடம் ஆகும். என்னைப் போன்ற சோம்பேறிக்கு அது ஒரு யுகம்.

அன்று காலை என் மனைவியின் தம்பி பெட்டிக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். லேசர்களைப் பழுது பார்ப்பவன். ஸ்பேனர் எடுக்க வெளியே போனான். திரும்பி வந்ததை நான் கவனிக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

உள்ளே டைட்டானியம் ஆக்சைடு வில்லை நின்றிருந்தது. பொடியை அழுத்திச் சுட்ட, சட்டைப் பொத்தான் அளவு வெள்ளை வட்டு. அதில் மின்சாரம் ஓடாது. புற ஊதா லேசர் பட்ட இடத்தில் மட்டும் மேல்தோல் ஆவியாகப் பறக்கும். கூடவே கொஞ்சம் ஆக்சிஜனும் கழன்றுவிடும். மிஞ்சியது கறுத்துப்போய் மின்சாரத்தை விடத் தொடங்கும். லேசர் நொடிக்கு ஒரு முறையாகப் பன்னிரண்டு முறை அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் வில்லை கொஞ்சம் நகர்வதால் பன்னிரண்டு கறுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றும் குட்டி நீள்சதுரம்.

டக், டக் என்று ஓடிக்கொண்டிருந்தபோது திறந்த கதவுக்குள் ஒரு தலை குனிந்தது. முகத்தருகே ஏதோ நீலமாக மின்னியது. தலை வெடுக்கென்று பின்னால் போனது.

அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையான எதன் மீதாவது பட்டால்தான் நீலமாக மின்னும். கண்ணின் வெள்ளையும் வெள்ளைதானே?

நிறுத்தும் பொத்தானுக்குக் கை போகவில்லை. பயத்தில் உறைந்துபோவதில் எனக்குத் தனித் திறமை உண்டு. பாதுகாப்புக் கண்ணாடியோ என் நெற்றிக்கு மேலே ஏறி, வழுக்கையைக் காத்துக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, ஆளு இருக்கும்போதே சுடுறீங்க? அக்காவோட எதாச்சும் சண்டையா?"

"கண்ணு எரியுதா மாப்ள?"

"இல்லையே."

எரியாதது ஆறுதல் அல்ல. இந்த ஒளி பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் மணலை அள்ளிப் போட்டதுபோல் ஆகும். பிறகு பார்வை என்னாகும் என்பதை யோசிக்க என் மூளை மறுத்தது.

வில்லையை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து எண்ணினேன். பதினொன்று. லேசரின் திரையோ பன்னிரண்டு அடி என்று காட்டியது. மறுபடி எண்ணினேன். ஆறாவதற்கும் எட்டாவதற்கும் நடுவில் வெறும் வெள்ளை.

"லேசா பட்டிருக்கும் மாமா, நிறம் மாறியிருக்காது" என்றான். அவன் குரலிலும் சிரிப்பு குறைந்திருந்தது.

மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஆறாவது புள்ளியில் வைத்தேன். முள் துள்ளியது. எட்டாவதிலும் துள்ளியது. நடுவிலிருந்த வெள்ளையில் வைத்தேன். அசையவில்லை. அழுத்திப் பார்த்தேன். அசையவே இல்லை. ஏழாவது அடி வில்லைக்கு வந்து சேரவில்லை.

"அப்போ அது எங்க போச்சு?" என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தன் இமையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"கிளம்பு, கண் டாக்டர்கிட்ட போவோம்."

"அக்காவுக்குத் தெரிஞ்சா..."

"உங்கக்கா என்னைக் கொல்லட்டும். நீ கிளம்பு."

அவன் எழுந்தபோது கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை மேசை விளிம்பில் இடித்துத் திரும்பியது. முன்பக்கம் அவன் புகைப்படம். பின்பக்கம் வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக். அதன் மேல் ஓரத்தில் எள்ளளவுக்கு ஒரு சாம்பல் கட்டம்.

பிடித்து இழுத்தேன். கழுத்தோடு அவனும் வந்தான்.

"மெதுவா மாமா. லேசர்ல தப்பிச்சவனைக் கயித்துல முடிச்சிடாதீங்க."

வெள்ளைப் பிளாஸ்டிக்கிலும் அதே டைட்டானியம் ஆக்சைடு பொடிதான் கலந்திருக்கும். நுண்ணோக்கியில் வைத்தேன். வில்லையில் இருப்பது போன்றே நீள்சதுரம், அதே அளவு. அவன் குனிந்தபோது முன்னால் ஊசலாடி வந்த அட்டை, ஏழாவதை முழுசாக வாங்கிக்கொண்டிருக்கிறது.

"சரியா எப்படிக் குனிஞ்சே? காட்டு."

குனிந்து காட்டினான். அட்டை தொங்கியது. புள்ளியில் கட்டைவிரலை வைத்து, சுண்டுவிரலை அவன் கண்ணை நோக்கி நீட்டினேன். ஒரு சாண்கூட வரவில்லை. விரல் இமையில் இடித்தது.

அவன் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினான்.

"வேற அட்டை கேட்டு வாங்கிக்கிறேன் மாமா. இதைத் தூக்கிப் போட்டுடலாம். காந்தத்தையும் எடுத்துடுங்க. யாருக்கும் தெரியாது."

என் மேலுள்ள பாசத்தில்தான் சொன்னான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவன் இன்னும் இமையைத் தொட்டுக்கொண்டே இருந்தான்.

பாதுகாப்பு அதிகாரியின் மேசையில் அட்டையையும் தக்காளியையும் வைத்தேன். அந்தம்மா புள்ளியைப் பார்த்தார், அவன் கண்களைப் பார்த்தார், கடைசியில் தக்காளியைப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜோடது மேடம். ஒட்டினது நான்."

வண்டிக்குச் சொல்லி அவனைக் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார். என் லேசர் அறைச் சாவியை வாங்கி இழுப்பறையில் பூட்டினார். மருத்துவர் ஒன்றுமில்லை என்றார். இருந்தாலும் இரவுவரை கவனிக்கச் சொன்னார்.

வீட்டில் அவன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மணல் மாதிரி இருக்கா மாப்ள?"

"இல்ல மாமா. ஆனா நீங்க இப்படி முறைச்சுப் பார்த்தா வந்துடும்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஃப்ரிட்ஜ்ல இருந்த தக்காளி எங்கங்க?"

எழுந்து போனேன். முதலிலிருந்து சொன்னேன்.