ஓரத் துண்டுகள்

அக்காவிடம் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று நாளாக இதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். பல் துலக்கும்போது சொல்லிப் பார்த்தேன். பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். அவள் வீட்டு மாடிப்படி ஏறி அழைப்பு மணியில் விரலை வைத்ததும் வாய் அடைத்துவிடும். உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு, 'வரேன்க்கா' என்று எழுந்து வந்துவிடுவேன். இப்படியொரு கோழையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தன் மகள் தன் கையால்தான் செத்தாள் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லை. என் கையால்.

நான் வேலை பார்ப்பது உணவுப் பொருள்களுக்கு உறை செய்யும் ஆலையில். உறை என்றால் பிளாஸ்டிக் இல்லை. மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து, கிளிசரின் விட்டு, ஆளுயர அண்டாவில் கூழாகக் காய்ச்சி, ஓடிக்கொண்டே இருக்கும் எஃகுப் பட்டையின் மேல் மெல்லிசாகப் பரத்துவோம். சூடான காற்றுக்குள் போய் வெளியே வரும்போது கண்ணாடி மாதிரி ஒரு படலம் உரிந்து வரும். அதைச் சுருளாகச் சுற்றி விற்கிறோம். மண்ணில் போட்டால் இரண்டு மாதத்தில் இருந்த இடம் தெரியாது. அண்டா என் பொறுப்பு. அதனால் அங்கே என்னைக் கஞ்சி மாஸ்டர் என்பார்கள். பதினொரு வருஷமாகக் கிண்டுகிறேன், வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

எங்கள் முதலாளியிடம் ஒரு வித்தை உண்டு. சுருள் வாங்க யார் வந்தாலும், ஒரு முழம் கிழித்து, மடித்து, வாயில் போட்டு மென்று விழுங்கிவிடுவார். 'எங்க, உங்க பிளாஸ்டிக்கை நீங்க இப்படிச் சாப்பிடுங்க பார்ப்போம்' என்பார். வந்தவர் சிரித்துக்கொண்டே ஆர்டர் கொடுத்துவிட்டுப் போவார். படலத்துக்கு ருசி என்று ஒன்றும் கிடையாது, கொஞ்சம் பல்லில் ஒட்டும். முதலாளியைப் பார்த்து எங்களுக்கும் அது பழகிவிட்டது. பதமாக உலர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆளுக்கொரு துண்டைக் கடித்துப் பார்ப்போம்.

அக்கா மகளுக்கு நிலக்கடலை ஆகாது. ஆகாது என்றால் அரிப்பு, தடிப்போடு போகிற சமாசாரம் இல்லை, தொண்டை வீங்கி மூச்சு அடைத்துக்கொள்ளும். இரண்டு வயதில் ஒருமுறை எமன் வாசல்வரை போய்த் திரும்பியவள். அன்றிலிருந்து, பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்காமல் எந்தப் பொட்டலத்தையும் அக்கா வீட்டுக்குள் விட்டதில்லை. தொடையில் குத்தும் ஊசி எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். இதையெல்லாம் பார்த்தே வளர்ந்த குட்டி, எழுத்துக்கூட்டப் படித்ததே பொட்டலங்களை வைத்துத்தான். யார் எதை நீட்டினாலும், 'இதில என்னென்ன போட்டிருக்கு?' என்று குறுக்கு விசாரணை செய்வாள். அதனால் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வயது வக்கீல்.

கடலை வாசமே படாமல் ரொட்டி சுடுகிற கடை ஊரில் ஒன்றுதான் இருந்தது. அதை நடத்தும் அம்மாளிடம் எங்கள் உறையைக் கொண்டுபோய்க் காட்டியவன் நான்தான். என் அண்டாவில் வெந்த படலம் என் மருமகள் தின்னும் ரொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் ரொட்டியை வெளியே எடுத்துவிட்டு, உறையைக் கிழித்து, முதலாளி மாதிரியே மென்று காட்டினேன்.

"மாமா, கவர்ல என்ன போட்டிருக்கு?"

"மரவள்ளி மாவு, தண்ணி, கிளிசரின்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க வக்கீலம்மா."

"அப்ப சாப்பிடலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வாங்கிக் கடித்தாள்.

அதற்குப் பிறகு ரொட்டியில் பாதியை மிச்சம் வைத்தாலும் உறையை மிச்சம் வைக்க மாட்டாள். நாடா நாடாவாகக் கிழித்து நாக்கில் ஒட்டிக்கொண்டு வீடெல்லாம் ஓடுவாள். அக்கா முதலில் திட்டினாள், பிறகு அவளுக்கும் அது கண்ணில் படாமல் போய்விட்டது.

போன கோடையில் ஒரு சோப்புக் கம்பெனிக்காரர் வந்தார். அவர் ஊர்க் காற்று வறட்சியில் எங்கள் படலம் மடிக்கிற இடத்தில் வெடித்தது. அதைச் சரிசெய்கிற வேலையை முதலாளி என் தலையில் கட்டினார். என்னென்னவோ சேர்த்துப் பார்த்தேன், ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் எண்ணெய் ஆட்டிய கடலைப் பிண்ணாக்கிலிருந்து எடுத்த புரதப் பொடி கைகொடுத்தது. எப்படி மடித்தாலும் கீறல் விழவில்லை. கடலை என்றதும் எனக்கு வக்கீல் ஞாபகம்தான் வந்தது. ஆனால் சோப்பு உறைதானே, அதை யார் தின்னப் போகிறார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அதற்கப்புறம் நான் பார்த்த எச்சரிக்கையைக் கேளுங்கள். வியாழக்கிழமை மட்டும்தான் சோப்பு உறை. அன்றைக்கென்று தனிச் சட்டை, தனிச் செருப்பு, இரண்டும் ஆலையைத் தாண்டி வராது. வேலை முடிந்ததும் அங்கேயே தலைக்குக் குளிப்பேன். அண்டாவை வெந்நீர் விட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவி, நானே உள்ளே இறங்கி முகர்ந்து பார்ப்பேன். வியாழக்கிழமை அக்கா வீட்டுப் பக்கமே போக மாட்டேன். கூட வேலை செய்கிறவர்கள், 'கஞ்சி மாஸ்டருக்கு மறை கழண்டுடுச்சு' என்று சிரித்தார்கள். அலட்சியமாக இருந்து தொலைத்திருந்தால்கூட இன்றைக்கு என்னை நானே காறித் துப்பிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். நான் அலட்சியமாக இல்லை. அதுதான் அறுக்கிறது.

படலத்தின் இரண்டு ஓரமும் ஒரே சீராக வராது. சுருளாகச் சுற்றுவதற்கு முன்னால் இரண்டு விரல் அகலத்துக்கு ஓரத்தை வெட்டித் தள்ளிவிடுவோம். அந்தத் துண்டுகளை நாங்கள் எறிவதில்லை. டிரம்மில் சுடுதண்ணீர் ஊற்றி ஊறப்போட்டால் மறுபடி கூழாகிவிடும். மறுநாள் காய்ச்சும்போது அதிலிருந்து இரண்டு வாளி அண்டாவில் சேர்ப்போம். இது என் யோசனை. இதை வைத்துத்தான் முதலாளி 'குப்பையே இல்லாத ஆலை' என்று வாசலில் பலகை மாட்டினார். பதினொரு வருஷமாகக் கை தானாகச் செய்கிற வேலை. வியாழக்கிழமை ஓரத்தையும் கை அதே டிரம்மில் போட்டது. வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை காய்ச்சும் ரொட்டிக் கடை உறை அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்கு வந்துவிட்டது. பளிச்சென்று கழுவிய அண்டாவில், என் கையாலேயே இரண்டு வாளி ஊற்றினேன்.

அது நடந்த அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்கு அக்கா ரொட்டி கொடுத்திருக்கிறாள். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, இருமத் தொடங்கிவிட்டாள். அக்கா ஊசியைக் குத்தினாள், தூக்கிக்கொண்டு ஓடினாள், ஆஸ்பத்திரியில் இன்னொன்று போட்டார்கள். நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. கட்டிலில் அவள் பள்ளிச் சீருடையோடு கிடந்தாள்.

என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். ரொட்டி, வாழைப்பழம், தண்ணீர் என்றாள் அக்கா. உறையைச் சொல்லவில்லை. அது சாப்பாடு என்று யாருக்குத் தோன்றும்? பக்கத்தில்தான் நின்றேன், எனக்கே தோன்றவில்லை. மிச்ச ரொட்டியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் முடிவு வந்தது. ரொட்டியில் கடலையின் சுவடே இல்லை.

அந்தக் காகிதத்தை அக்காவின் கணவர் இரண்டு முறை படித்தார்.

"அப்ப வீட்டுலதான் எங்கேயோ. கத்தியா, தட்டா, உன் கையா?" என்றார்.

அவர் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போனவர்தான், இன்னும் திரும்பவில்லை.

எனக்கு உறைத்தது அதற்கு மறுநாள். வியாழக்கிழமை. வெட்டிய ஓரத் துண்டுகளை இரண்டு கையாலும் வாரி டிரம்முக்குள் அமுக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அந்த நிமிஷமே டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னார். ஒட்டுகிற இடத்தில் கோளாறு என்று ஏதோ புளுகி, ரொட்டிக் கடையிலிருந்த சுருள்களையெல்லாம் திரும்ப எடுத்துவந்தோம். பிறகு என் தோளில் கைபோட்டு, "போன உசுரு திரும்பி வரப்போறதில்ல. முப்பது குடும்பம் இதை நம்பி இருக்கு. நீ வாயைத் திறக்காதே" என்றார். அவர் சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். எனக்கே அது வசதியாக இருந்தது.

இன்று மத்தியானம் போனேன். கதவு திறந்தே கிடந்தது. அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அலமாரியில் இருந்த டப்பா, பொட்டலம், கத்தி, கரண்டி எல்லாம் அவளைச் சுற்றிப் பரப்பிக் கிடந்தன. ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து முதுகைப் படித்துக்கொண்டிருந்தாள். தலை வாரி எத்தனை நாளாயிற்றோ.

"வாடா. சாப்பிட்டியா?" என்றாள்.

"ம்."

"கண்டுபிடிச்சுட்டேன்டா. அன்னைக்கு பஸ்ல பக்கத்து சீட்டுல ஒருத்தி கடலை கொறிச்சுக்கிட்டே வந்தா. நான் அந்தக் கம்பியைத்தான் பிடிச்சிருந்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவினேனா, இல்ல நேரா ரொட்டியை எடுத்தேனா? எவ்வளவு யோசிச்சாலும் அது மட்டும் ஞாபகம் வர மாட்டேங்குது." கையை விரித்துப் பார்த்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல்களுக்கு நடுவே தோல் உரிந்திருந்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எதிரே உட்கார்ந்து சொன்னேன். சோப்பு உறை, பிண்ணாக்குப் பொடி, டிரம், இரண்டு வாளி, பிள்ளை கிழித்துத் தின்ற உறை. முன்னும் பின்னுமாக உளறினேன். முடித்ததும் அக்கா என் வாயையே பார்த்தாள்.

"அப்ப நான் இல்லையா?" என்றாள்.

"நீ இல்லக்கா."

"என் கையில ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"நெசமாவா?"

"சத்தியமா."

அவள் முகம் தளர்ந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். பிள்ளையைக் கொண்டுபோன அன்றுகூட அவள் இப்படி வாய்விட்டு அழவில்லை. "வயித்துல பாலை வார்த்தடா. என் சாமி, வயித்துல பாலை வார்த்த" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அடிக்குத் தயாராகப் போனவன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

என் ஒரு கையை விடாமலே, கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் கிடந்த போனை எடுத்தாள். எண்ணைத் தவறவிட்டு மறுபடி அழுத்தினாள். அவள் கணவர் எடுத்ததும், "நான் இல்லீங்க. நான் பண்ணலீங்க. நான் இல்ல" என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கிச் சொன்னாள்.

"பின்ன யாரு?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதுவரை தான் என்ன கேட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு எட்டியது போலிருந்தது. இன்னொரு கையில் பிடித்திருந்த என் கையை விட்டாள். உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சொல்லு, யாரு?" என்றார் அவர்.

அக்கா போனை என் பக்கம் நீட்டினாள்.

"நீயே சொல்லு" என்றாள்.