வாலடிக் கொக்கி

வேலை முடிந்து வந்தவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. கண்ணாடி அலமாரிக்குள் விமானத்தின் மூக்கு வாசலைப் பார்த்திருந்தது. அவள் எப்போதும் அதைச் சன்னல் பக்கம் திருப்பித்தான் வைப்பாள். யாரோ எடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, இந்த வீட்டில் சும்மா இருக்க முடியாத கை ஒன்றுதான்.

உள்ளங்கையில் அடங்கும் உலோக மாதிரி அது. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் கப்பலிலிருந்து பறந்த சண்டை விமானம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள், மேலது மஞ்சள், நடுவே மயிரிழைக் கம்பிகள். வாலுக்கு அடியில் சின்னக் கொக்கி. கப்பல் தளத்தில் இறங்கும்போது குறுக்கே கட்டிய கம்பியை அந்தக் கொக்கிதான் பிடிக்கும், தவறினால் கடல்தான். விரலால் தட்டினால் தொங்கும், மறுபடி தட்டினால் மடங்கும். டென்டல் லேபில் நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குப் பல்செட் செய்துவிட்டு வருகிறவளுக்கு அந்த ஒரு தட்டு போதும்.

தட்டினாள். அசையவில்லை. வாலோரம் பசை வழிந்து வெள்ளை பூத்திருந்தது. மூக்கிலிருந்த காற்றாடியைச் சுண்டினாள். அதுவும் கல்லாக நின்றது.

"என்ன பண்ணீங்க இதை?"

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான கணவர் தன் மேசையிலிருந்து நிமிர்ந்தார். "கொக்கி லொடலொடன்னு தொங்கிட்டு இருந்துச்சு. காத்தாடியும் ஆடுச்சு. ஆளுக்கு ஒரு சொட்டு விட்டேன், கெட்டியா புடிச்சுக்கிச்சு."

"பூட்டி வெச்சிருந்தேன்ல?"

"பூட்டும் இறுகிப்போயிருந்துச்சு. கழட்டி எண்ணெய் போட்டு மாட்டியிருக்கேன்."

சொல்லிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தார் பாருங்கள், அதுதான் அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. இந்த மனிதருக்கு ஆடுகிறதெல்லாம் பழுது. அவள் சாய்ந்து ஆடும் நாற்காலியை ஆடாமல் ஆணி அறைந்து வைத்தார். அவளுடைய தையல் மெஷினைச் சரி செய்தார், அது இன்று துணி மடித்து வைக்கிற மேசையாகிவிட்டது. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துப் பொறுத்தவள், இந்த ஒன்றுக்குத்தான் பூட்டு வாங்கினாள்.

விருந்துக்கு வந்திருந்த நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரு பொம்மைக்கா இந்தக் குதி குதிக்கிற? என் தம்பி நல்லதுதானே பண்ணினான்."

"அண்ணி, நீங்க இதுல வராதீங்க." கணவர் பக்கம் திரும்பினாள். "அது ஆடணும்யா! ஆடுறதுக்குன்னே செஞ்சது. தெரியலைன்னா என்னைக் கேட்டிருக்கணும். கல்யாணமான நாள்லேருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எதையாவது என்கிட்ட கேட்டுத் தொட்டிருக்கியா நீ?"

நாத்தனாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் மேசையிலிருந்த ஃபிரிட்ஜ் சாமான்களைப் புறங்கையால் ஓரமாகத் தள்ளினாள். பையிலிருந்து பல்செட் சுரண்டும் ஊசியை எடுத்து, அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள். பசை பொடிப்பொடியாக உதிர்ந்தது. கொக்கி ஒருவழியாக விடுபட்டபோது கூடவே வெள்ளிப் பெயின்ட்டும் நகக்கண் அளவு பெயர்ந்து வந்தது. காற்றாடி அசைந்து கொடுக்கவேயில்லை.

"இப்படிக் குடு, நான்..." என்று பின்னாலிருந்து அவர் கை நீண்டது. தோளருகே வந்து நின்றது.

"நான் எடுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்."

கொக்கியைத் தட்டினாள். தொங்கியது. மறுபடி தட்டினாள். எங்கே போவதென்று தெரியாமல் அந்தக் கை அவள் தோளருகே அப்படியே நின்றுகொண்டிருந்தது.