ஜன்னலுக்கு நேரே அரைக்கம்பம்

எங்கள் ஆல்டர்விக் ஊருக்குத் தேசபக்தி ஒரு வெள்ளை வேனில் வந்தது. வேனுக்குள் ஒரு ஏணி, பிளாஸ்டிக் கட்டுகள், பெட்டி பெட்டியாக இங்கிலாந்துக் கொடி. வெள்ளையில் சிவப்புச் சிலுவை. வேனுக்கு முன்னால் ராட்னி டாப்ஸ்காட் நடந்து வந்தார். கார்ப்பெட் கடையை விற்றுவிட்டு ஓய்வில் இருந்தவர். இங்கிலாந்து கையில் கிடைக்கும்வரை அவருக்குப் பொழுதே போகாமல் இருந்தது.

ஊர் எல்லையில் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேல்ஸ். மார்ச் பிறந்ததும் அங்கே பிள்ளைகள் சட்டையில் மஞ்சள் டாஃபடில் பூவைக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். ரக்பி நாளில் அவர்கள் பாடினால் எங்கள் சமையலறைவரை கேட்கும், அதுவும் சுருதி பிசகாமல். ராட்னிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அவங்ககிட்ட எல்லாம் இருக்கு," என்றார் ஒருநாள் பப்பில். "பாட்டு, பூவு, கொடியில டிராகன், வாயில நுழையாத ஒரு பாஷை. ஸ்காட்லாந்துக்காரனுக்குப் பாவாடை இருக்கு. ஐரிஷ்காரனுக்கு ஊரே குடிச்சுக் கொண்டாட ஒரு நாள் இருக்கு. நமக்கு என்னப்பா இருக்கு?"

எல்லாரும் யோசித்தோம்.

"வரிசையில நிக்கிறது," என்றான் கேரி. வேனும் ஏணியும் அவனுடையவை.

"சாரி கேக்கிறது," என்றாள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள். சொல்லிவிட்டு, குறுக்கே பேசியதற்கு ஒரு சாரியும் கேட்டாள்.

"இங்கிலீஷ்காரன்னா யாரு, ராட்னி? நீங்களே சொல்லுங்க," என்றேன்.

"வேல்ஸ்காரன் இல்ல. ஸ்காட்லாந்துக்காரன் இல்ல. ஐரிஷ்காரன் இல்ல. பிரெஞ்சுக்காரன், சத்தியமா இல்ல."

"அது யாரெல்லாம் இல்லங்கிற கணக்கு. யாருன்னு கேட்டேன்."

"அதுக்குத்தானய்யா கொடி கட்டுறோம்!" என்று மேசையில் குத்தினார்.

கட்டினார்கள். விளக்குக் கம்பம் ஒன்றைக்கூட விடவில்லை. கடைசிக் கம்பத்தில் கட்டி முடித்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு ராஜாவின் பாட்டைப் பாடினார்கள். அது நான்கு நாட்டுக்கும் பொதுவான பாட்டு, எங்களுக்கென்று தனியாக ஒன்று கிடையாது. முதல் நான்கு வரியை உரக்கப் பாடினார்கள். அதற்கப்புறம் உதட்டை மூடிக்கொண்டு முனகினார்கள்.

கட்டியதோடு கடமை முடிந்தது. யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்டோபர் மழையில் சிவப்பு வெளுத்து, தோல் உரிந்த புண்ணின் நிறத்துக்கு வந்தது. வெள்ளை, லாரிப் புகையில் கரித்துணியாகிவிட்டது. புறாக்கள் தங்கள் பங்கைச் செய்தன. சனிக்கிழமைகளில் பப் மூடியதும், கொடிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் அதே கம்பத்தின் அடியில் வரிசையாக நின்று சிறுநீர் கழித்தார்கள். வரிசை மட்டும் குலையவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பெரிலின் ஜன்னலுக்கு வெளியே அப்படி ஒரு கம்பம். அவள் புருஷன் வில்ஃப் பஸ் ஓட்டியவர். நுரையீரலில் புற்று. ஆஸ்பத்திரியில் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரும்புக் கட்டிலைத் தெருப்பக்கத்து மாடி அறையில்தான் போட முடிந்தது. பின்னறைக்குப் போகும் நடையில் அது நுழையவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் அவருக்கு மூச்சு வரும். திறந்தால் கொடி.

நைலான் கொடி பறக்கிற சத்தத்தைப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்களா? கவிஞர்கள் சொல்கிற படபடப்பெல்லாம் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். சட், சட், சட். நிற்கும். இனி வராது என்று கண்ணை மூடினால், சட். மருந்து மயக்கத்தில் வில்ஃப் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யாரு என்னை அறையறா? போதும்னு சொல்லு பெரில்," என்பார்.

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அந்தச் சத்தம் இல்லாமல் அவர் போகவேண்டும்.

நான் எதிர்வீடு. துடைப்பக் கட்டையில் இன்னொரு கட்டையைச் சேர்த்துக் கட்டி, பெரிலின் ஜன்னலிலிருந்து நீட்டிப் பார்த்தேன். கொடி ஜன்னலுக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தது. கட்டைதான் ஒடிந்தது.

"நான் ஏறி அறுத்துடுவேன்," என்றாள் இலூனெட். தினமும் அக்கரையிலிருந்து வந்து வில்ஃபுக்கு ஊசி போடுகிற வேல்ஸ் நர்ஸ். "ஆனா ஒரு வேல்ஸ்காரி இங்கிலாந்துக் கொடியை அறுத்தான்னு பேப்பர்ல போட்டுடுவான். ஏன் பெரில், உங்க ஆளுங்களுக்கு ராத்திரியில தாங்க யாருன்னு மறந்துபோயிடுமா? கம்பத்துக்குக் கம்பம் எழுதி ஒட்டியிருக்கீங்களே!"

"உங்க ஊர்ல மட்டும் கொடி இல்லியாக்கும்?" என்றாள் பெரில். பிறந்த மண்ணை விட்டுக்கொடுக்க அவளுக்கும் மனசில்லை.

"இருக்கே. மேட்ச் அன்னிக்கு எடுப்போம். முடிஞ்சதும் துவைச்சு மடிச்சு உள்ள வெச்சிருவோம். நாங்க யாருன்னு கம்பம் சொல்லித் தெரியவேண்டியதில்ல, கண்ணு. எங்க அத்தைங்க சாப்பாட்டு வேளை தவறாம சொல்லிட்டே இருப்பாங்க."

பெரில் ராட்னி வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். வாசற்படியிலேயே நிறுத்திப் பேசினார்.

"பெரில், கண்ணு, உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா இன்னிக்கு ஒண்ணை இறக்கினா, நாளைக்கு எல்லாத்தையும் இறக்குன்னுவாங்க."

"அவர் போற வரைக்கும்தான் ராட்னி. அப்புறம் அந்தக் கம்பத்துல பத்து கட்டிக்குங்க."

"ஏணி இல்லியேம்மா. கேரி எங்கயோ கொண்டுபோயிட்டான். போதாததுக்கு இன்ஷூரன்ஸ் வேற. யாராவது கீழ விழுந்தா?"

"கட்டறப்போ விழலியே?"

"அது தேசத்துக்காக," என்றார் ராட்னி.

கவுன்சிலுக்குப் போனோம். கம்பம் எங்களுடையது, கொடி எங்களுடையதில்லை, தொட்டால் வம்பு என்றார்கள். பாதிரியாரிடம் போனோம். காற்று நிற்கப் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னார். ரொட்டிக் கடையில் எல்லாரும், "அசிங்கம்தான், பெரில்," என்று காதோடு சொன்னார்கள். சொல்வதற்கு முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டார்கள். ஊரில் பாதிப்பேருக்கு அந்தக் கொடி பிடிக்கவில்லை. அதை அடுத்தவர் கேட்கச் சொல்லும் ஆள் ஒருவர்கூட இல்லை. எங்கள் தேசிய குணம் என்னவென்று ராட்னி தேடிக்கொண்டிருந்தாரே, அது அந்த ரொட்டிக் கடையில்தான் இருந்தது.

வில்ஃப் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போனார். நல்ல காற்று அன்றைக்கு. கடைசியாக அவர் சொன்னது மனைவியின் பெயர் இல்லை. "போதும்," என்றுதான் சொன்னார்.

அடக்கம் செய்கிறவர்களைச் சாயங்காலம் வரச் சொன்னாள் பெரில். "அதுவரைக்குமாவது கொஞ்ச நேரம் நிம்மதியா படுத்திருக்கட்டும்," என்றாள். இலூனெட்டும் அவளுமாக உடம்பைத் துடைத்து, நல்ல சட்டை போட்டுவிட்டார்கள். ஜன்னலை இப்போது மூடியிருக்கலாம். அவர் மூச்சுக்காகத் திறந்ததை மூட அவளுக்குக் கை வரவில்லை. வெளியே, சட், சட்.

பத்து மணிக்கு வெள்ளை வேன் வந்து நின்றது. பின்னால் கொடிக் கமிட்டி முழுவதும், கையில் துக்கத்துக்கான கறுப்புப் பட்டியோடு. பெரில் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"கேள்விப்பட்டோம், பெரில்!" என்று கீழிருந்து ராட்னி சொன்னார். "வில்ஃப் இந்த மண்ணோட மைந்தன். அசல் இங்கிலீஷ்காரன். கமிட்டி சார்பா மரியாதை செய்ய வந்திருக்கோம்."

வில்ஃபை ராட்னி வாழ்நாளில் பார்த்ததெல்லாம் பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட்டபோதுதான்.

"மரியாதைன்னா?"

"கொடியை அரைக்கம்பத்துல இறக்கப்போறோம்."

"ஏணி இல்லேன்னீங்களே?"

"துக்கத்துக்குன்னா கிடைக்கும்," என்றார் ராட்னி.

கேரி ஏறினான். கட்டுகளை அறுத்துக் கொடியைப் பாதி உயரத்துக்குக் கொண்டுவந்து, புதுக் கட்டுகளால் இறுக்கினான். கம்பத்தில் பாதி என்பது பெரிலின் ஜன்னலுக்குச் சரியாக நேரே. அடுத்த காற்றில் கொடி ஜன்னலுக்குள்ளேயே போய் வந்தது. உள்ளே என்ன தெரிந்தது என்று இலூனெட் அப்புறம் சொன்னாள்: நாற்றமடிக்கிற அந்த ஈரத்துணி, கழுவித் துடைத்த வில்ஃபின் முகத்தை ஒரு தடவை தடவிவிட்டுப் போனதாம்.

"ரெண்டு நிமிஷ மௌனம்!" என்று ராட்னி கைக்கடிகாரத்தை உயர்த்தினார்.

தெரு நின்றது. எங்கள் ஆட்களுக்கு ராஜாவின் பாட்டு பாதிதான் தெரியும். ஆனால் மௌனம் முழுசாகத் தெரியும். ரொட்டிக் கடைக் கூட்டம் வெளியே வந்து தலை குனிந்தது. பஸ் நின்றது. நாய் குரைக்கப் போனது, அதன் வாயைப் பொத்தினார்கள். மௌனம் நடக்கும்போது இங்கே யாரும் பேசுவதில்லை, அசைவதில்லை. தும்மல் வந்தால் விழுங்கிவிடுவோம்.

அந்த மௌனத்தில் பெரில் ஜன்னலுக்கு வந்தாள். கையில் பன்றிக்கறி வெட்டுகிற கத்திரிக்கோல்.

முழங்கையை ஜன்னல் சட்டத்தில் ஊன்றி, உடம்பை வெளியே சாய்த்து, கொடியின் மேல் கட்டை எட்டிப் பிடித்தாள். இத்தனை வாரம் எட்டாமல் இருந்ததை அவர்களே கைக்கு எட்ட இறக்கிக் கொடுத்திருந்தார்கள். நறுக் என்றது. பிளாஸ்டிக் தெறித்தது.

ராட்னியின் கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறியது. வாய் திறந்தது. கடிகாரம் உயர்ந்த கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டார். கேரி ஒரு காலை முன்னால் வைத்தான். ரொட்டிக் கடை வாசலில் நின்ற கிழவி ஒருத்தி அவனைப் பார்த்த பார்வையில் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டான். இறந்தவருக்கு மரியாதையென்றால் மரியாதைதான்.

பெரில் அவசரப்படவில்லை. கீழ்க் கட்டு கெட்டியாக இருந்தது, ரம்பம் மாதிரி அறுத்தாள். கொடி கழன்று, ஒருமுறை சுருண்டு, கம்பத்தடியில் சனிக்கிழமைகளின் ஈரம் தேங்கிய பள்ளத்தில் விழுந்தது. குனிந்து எடுக்க யாராலும் முடியவில்லை. ராட்னி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இரண்டு நிமிஷம் முடிந்தது. ராட்னி தொண்டையைச் செருமினார்.

"பெரில், நீங்க பண்ணது..."

"நன்றி, ராட்னி," என்றாள் பெரில் மேலிருந்து. "எல்லாருக்கும் நன்றி. இப்பத்தான் அவருக்குச் சத்தமில்லாம இருக்கு. சிரமமில்லேன்னா, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நிக்கிறீங்களா? உங்களால முடியும்னா."

இவ்வளவு பணிவாகக் கேட்டதற்கு முடியாது என்று சொல்ல எங்கள் ஊரில் ஆள் பிறக்கவில்லை. ராட்னி கடிகாரத்தை மறுபடி உயர்த்தினார். தலைகள் குனிந்தன. மழை பிடித்தது. முதலில் போனவன் என்ற பேர் யாருக்கும் வேண்டாம். அதனால் யாரும் போகவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கி வந்து நின்றார்கள்.

இலூனெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே வந்தாள். வாசலில் நின்று, நனைகிற கூட்டத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்ததால் என் காதோடு கேட்டாள்.

"இது எவ்வளவு நேரம் நடக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மௌனம் நடந்துகொண்டிருந்தது.