சாவியை வாங்கிக்கொள்ள ஆளில்லை

காலை பத்து மணிக்கு எனக்குப் பரீட்சை. முதியோர் செவிலியத்தில் தேசியச் சான்றிதழ். அது கிடைத்தால் ஆஸ்பத்திரியின் முதியோர் கிளினிக்கில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பிலிப்பைன்ஸின் இலோய்லோவிலிருந்து அமெரிக்காவின் அக்ரனுக்கு வந்த நாள் முதல் மறதி நோயாளிகளின் இந்தப் பூட்டிய வார்டில்தான் இருக்கிறேன். வெளியே போக எனக்குத் தெரிந்த ஒரே வழி இந்தப் பரீட்சை.

நைட் டூட்டி முடிந்துவிட்டது. என்னை விடுவிக்க வேண்டிய பகல் டூட்டி நர்ஸ், ஜோடி என்பவள், வரவில்லை. பனியில் கார் கிளம்பவில்லையாம். மருந்து அலமாரிச் சாவி என் கழுத்தில் தொங்கியது. மாத்திரைகளை எண்ணிக் காட்டி அதை இன்னொரு நர்ஸிடம் ஒப்படைக்காமல் போனால் நோயாளிகளைக் கைவிட்டதாக எழுதிவிடுவார்கள். லைசென்ஸே போய்விடும்.

சூப்பர்வைசர் டார்லீன் காபியோடு வந்தாள்.

"ஜோடி மத்தியானம்தான் வருவாளாம். கொஞ்சம் இரும்மா நெனிதா."

"இன்னைக்கு எனக்குப் பரீட்சை. ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன்."

"தள்ளிப் போட்டுக்கோயேன். உன்னை விட்டா இங்க யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீங்களே. நீங்களும் நர்ஸ்தானே?"

சிரித்தாள். "நான் மருந்து வண்டியைத் தள்ளி எத்தனை வருஷமாச்சு!"

"லைசென்ஸ் இருக்கில்ல? வாங்க, மாத்திரையை எண்ணலாம்."

இதுவரை சூப்பர்வைசரிடம் யாரும் சாவியை நீட்டியதில்லை. அப்படி ஒரு வழி இருப்பதே எங்களுக்குத் தோன்றியதில்லை. அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் எண்ணினாள், கையெழுத்துப் போட்டாள்.

"பாஸ் பண்ணா ஒரேயடியா போயிடுவே, அதானே?"

சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தேன்.

வார்டு வாசலில் நோயாளி எல்மர் நின்றிருந்தார். கோட்டும் தொப்பியும் போட்டு, எண் பூட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு. அவர் அங்கே நிற்கும்போது கதவைத் திறக்கக் கூடாது. கூடவே பனிக்குள் இறங்கிவிடுவார்.

"பஸ் வந்துடுச்சு. திற."

கையைப் பிடித்து இழுத்துவிடலாம். இழுத்தால் நாள் முழுக்க அழுவார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எங்க போறீங்க?"

"டயர் ஃபேக்டரிக்கு. லேட்டானா ஃபோர்மேன் கத்துவான்."

"எனக்கும் லேட்டுதான்."

"உன் ஃபோர்மேனும் கத்துவானா?"

"உள்ளயே விடமாட்டான்."

"அடப்பாவி! அப்ப நீ முதல்ல போ, பொண்ணே. நான் அடுத்த பஸ்ல வரேன்."

நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். எண்களை அழுத்தினேன். கதவு பின்னால் பூட்டிக்கொண்டது. கண்ணாடி வழியே கையசைத்தார்.

பரீட்சை மையத்தில் கடைசி ஆளாக உள்ளே விட்டார்கள். எழுதி முடித்ததும் திரையிலேயே முடிவு வந்தது. பாஸ்.

வேலையை விடுவதாகச் சொல்லத்தான் சாயங்காலம் போனேன். எல்மர் அதே நாற்காலியில், அதே தொப்பியோடு. காலையில் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை.

"பஸ் வந்துடுச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"நீ எங்க போற?"

டார்லீனின் அறையில் விளக்கு எரிந்தது. சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் காரிலேயே சொல்லிப் பார்த்திருந்தேன்.

"எனக்கும் அடுத்த பஸ்தான்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். டார்லீன் விளக்கை அணைத்துவிட்டுப் போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை.