சவ்வா கிலோ

1.

இந்தக் கதை ஒரு மராத்திச் சொல்லிலிருந்து வந்தது. சவ்வா. ஒன்றேகால் என்று அர்த்தம். பூனாவில், எங்கள் ஏரவாடா சந்தையில் வெங்காயம் நிறுக்கும்போது தினம் காதில் விழுகிற சொல்தான். பதினைந்து வருஷமாக இதை எழுத உட்காருகிறேன், எழுந்து போய் அரிசி களைகிறேன்.

தொடக்கங்கள் சில:

'1992 ஆகஸ்டு, மழை விடாமல்…' (மழையில் ஆரம்பித்தால் அழுகாச்சிக் கதை என்று உடனே தெரிந்துவிடும்.)

'ஒரே வயிற்றில் வளர்ந்த இருவரில் ஒருவன் மட்டும் பாதியாக…' (கட்டுரை வாடை. போகட்டும்.)

2.

சியாமளா ஆற்காட்டிலிருந்து கல்யாணமாகி பூனாவுக்கு வந்து ஒரு வருஷம். கணவன் ரவிசந்திரன் துப்பாக்கிக் குண்டு ஃபேக்டரியில் வேலை பார்த்தான். இருவருக்கும் மராத்தி வராது. அதனால் பிரசவத்துக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் போனாள். எட்டு வருஷமாக பூனாவாசி. "எனக்குத் தெரியாத மராத்தியா?" என்று மார்தட்டுகிறவள்.

பிறந்தது இரட்டை. நர்ஸ் கட்டிலருகே வந்து சொன்னாள்: "முல்கி அடீச், முல்கா சவ்வா. காச்சேத் டேவ்லய்."

பெண் இரண்டரை கிலோ, பையன் ஒன்றேகால், அவனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அவ்வளவுதான் சேதி.

"இன்னாக்கா சொல்றா? சாவுன்றாளா?" என்றாள் சியாமளா, மயக்கம் தெளியாமல்.

அந்தோணியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு நல்லாக்கீது. பையன் தங்கலம்மா. தனியா வச்சிக்கீறாங்களாம்."

ரவிசந்திரனிடமும் அவளேதான் சொன்னாள். "மூஞ்சப் பாக்காத, பாத்தா மறக்காது" என்று தடுத்ததும் அவள்தான்.

(முந்தைய வரைவில் நர்ஸைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். பொய். சியாமளாவின் தலையைத் தடவிக் கொடுத்தாள் அந்தப் புண்ணியவதி. அப்படித் தடவியதால்தான் எல்லாருக்கும் அது சாவு என்று… சே, பழியை அவள் கையில் தள்ளப் பார்க்கிறேன்.)

3.

பூனா கேம்ப் பக்கம் எனக்குத் தெரிந்த லேடி டாக்டர் ஒருவர் பிற்பாடு விளக்கினார். இரட்டையரில் எடை வித்தியாசம் கால் பங்கைத் தாண்டினாலே அவர்களுக்குக் கவலையாம். வயிற்றுக்குள்ளேயே ஒன்றுக்கு ஊட்டம் போகிறது, மற்றதற்குப் போவதில்லை. சின்னதற்குச் சூடு நிற்காது, சர்க்கரை இறங்கிவிடும், மூச்சு திணறும். இங்கே பாதிக்குப் பாதி வித்தியாசம்.

இரண்டாம் நாள் மதியம் அதே நர்ஸ் ஒரு வாட்டியோடு வந்தாள். எவர்சில்வர் கிண்ணம். கண்ணாடிப் பெட்டிக் குழந்தைக்குத் தாய்ப்பால் வேண்டும் என்றாள்.

"வேற யாரோ கொழந்தைக்குப் பால் கேக்கறா," என்றாள் அந்தோணியம்மாள்.

சியாமளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எம் புள்ளையே பூட்டான். ஊரான் புள்ளைக்கு நான் ஊத்தணுமா? முடியாதுன்னு சொல்லுக்கா."

அந்தோணியம்மாள் சொன்னாள்: "நாஹீ."

4.

அந்தோணியம்மாள் என்று யாரும் கிடையாது. அது நான். பட்டு.

மூன்றாம் நாள் காலையில் சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கினேன். தராசைப் பார்த்து "சவ்வா கிலோ, தாயி" என்றான் கடைக்காரன். பையை அங்கேயே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சொல் எனக்குத் தெரிந்ததுதான், ஐயோ, நன்றாகவே தெரிந்ததுதான். பிரசவ வார்டில் மட்டும் என் காது தமிழ்க் காதாக இருந்துவிட்டது.

பெட்டியில் வேறொரு குழந்தை. "ஆஜ் சகாளீ கேலா," என்றாள் நர்ஸ். இன்று காலையில் போய்விட்டான். சாயங்காலம் ரவிசந்திரன் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் துணிப்பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். "காயிதம் எழுதவே மூணு நாளாக்குறானுங்க," என்று திட்டினான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

5.

பிழைத்த பெண் கீர்த்திக்கு இப்போது பதினைந்து. மராத்திப் பள்ளி. பத்தாம் வகுப்புப் பரீட்சை ஃபாரத்துக்காக டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது அந்தக் காகிதம் கிடைத்திருக்கிறது. படித்துவிட்டு, "அம்மா, தம்பி தோன் திவஸ் இருந்தான்ல?" என்றாளாம். இரண்டு நாள்.

சியாமளா நேரே என்னிடம் வந்துவிட்டாள். "அக்கா, அன்னிக்கு வாட்டி எத்தினு வந்தாளே, அது யாருக்கு?"

டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிவுகள்:

அ. "அது வேற கொழந்தைக்குத்தான்." டீயைக் குடித்துவிட்டுப் போவாள். மிச்ச நாளைத் தூங்கி எழுந்து கழிப்பாள். நானும் தப்பித்தேன்.

ஆ. "உம் புள்ளைக்குத்தான். தப்பாச் சொன்னவ நான்." முடியாது என்று சொன்னது தன் வாய் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். என்னை மன்னித்தாலும் மன்னிப்பாள். தன்னை மன்னிப்பாளா?

இ. டாக்டர் சொன்னது. ஒரு வாட்டிப் பாலால் பிழைத்திருப்பான் என்று சொல்ல முடியாது, பிழைத்திருக்க மாட்டான் என்றும் சொல்ல முடியாது. (இது உண்மை. இதை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்?)

டீ இரண்டு முறை பொங்கிவிட்டது. "இன்னாக்கா இவ்ளோ நேரம்?" என்று கூப்பிடுகிறாள். மறுபடி தண்ணீர் வைக்கிறேன். வாசித்துவிட்டீர்கள், தமிழும் தெரிகிறது, நீங்கள் போய்ச் சொல்லுங்கள். எந்த முடிவானாலும் சரி. அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.